பள்ளிச் சோறும் சமநிலையும்

பசித்த வயிற்றில் பாடம் தங்குவதில்லை. இதனை உணர்ந்தே 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு வழங்கத் தீர்மானித்தது. ஆங்கில அரசு அச்செலவுக்கு இசையாமையால் 1925-இல் அது நின்றது. 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பினார். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கலைஞர் முட்டை சேர்த்தார்.

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளவையும் வரையறுத்தது: தொடக்க வகுப்பினர்க்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும்; ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும்.

ஆனால் சத்தை மட்டும் அளந்தால் போதுமா? சமைக்கும் கை யாருடையது என்பதும் வரலாறே. சமையற் பணியில் நம் மக்களுக்கு முன்னுரிமை தருமாறு உச்சநீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. இருந்தும், 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளியொன்றில் நம் சகோதரி சமைப்பதைச் சாதி இந்துக்கள் எதிர்த்தனர்.

பனமலை, செஞ்சி வட்டார இளைஞர்களே! 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோர்க்கு அளித்துள்ளது. நலிந்த பிரிவினர்க்கும் அதில் உரிய இடமுண்டு. அவ்விடத்தில் நம் தாய்மார்களை அமர்த்துவோம். பருப்பும் காயும் முட்டையும் குறையாமல் காப்போம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ணச் செய்வோம். கல்வியின் முதற்பாடம் அப்பந்தியிலேயே தொடங்குகிறது.