‘நிறுத்து’ என்ற கட்டளை போகும் வழி: மேசைக்கணினிச் செயலிகளில் வினவலை இடைநிறுத்தும் வசதியின் வரலாறு

பிரதேச செயலகமொன்றில் எழுதுவினைஞர் ஒருவர் பல ஆண்டுப் பதிவுகளுக்குள் ஒரு பெயரைத் தேடுகிறார். திகதி எல்லையைக் குறிக்க மறந்துவிட்டது பொத்தானை அழுத்திய மறுகணமே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சுட்டி மணற்கடிகாரமாக மாறிவிட்டது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். “ஸ்டக் ஆகிட்டு” என்று சொல்லிக் கணினியை அணைத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லையென்றால், அந்த மென்பொருளை எழுதியவர்கள் அவரது வேலையை மதிக்கவில்லை என்றே சொல்வேன்.

ஓடும் வினவலை இடையில் நிறுத்தும் வசதி ஆண்டுக்கு ஆண்டு சீராக வளர்ந்து வந்ததாக எண்ணுவது தவறு. பயனரும் அவருக்காக வேலை செய்யும் இயந்திரமும் ஒவ்வொரு முறை விலகிப் போனபோதும் அது கைநழுவிப் போயிருக்கிறது. பிறகு, கேள்வி போன பாதையை விட்டு வேறொரு பாதை அமைத்தே அது மீட்கப்பட்டிருக்கிறது. அந்த இழப்பையும் மீட்பையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1961 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் காட்டிய நேரப்பகிர்வு முறைமையிலேயே இந்தத் தேவை எழுந்துவிட்டது. பலர் ஒரே கணினியைப் பகிரும்போது, மற்றவர் வேலையைக் குலைக்காமல் தன் வேலையை மட்டும் நிறுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை வேண்டும். யுனிக்ஸில் அது இடையீட்டுச் சைகையாகி, கண்ட்ரோல்-சி என்ற விசைச் சேர்க்கையாக இன்றுவரை நிலைத்திருக்கிறது.

தனியாள் கணினிக்கு வந்தபோது வேலை எளிதாயிற்று. ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் டிபேஸ் III பிளஸ், தரவுக் கோப்பையும் நிரலையும் திரையையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருந்தது. எஸ்கேப் விசையைத் தட்டினால் ஓட்டம் நின்று மூன்று தெரிவுகள் வரும்: சி என்றால் முற்றாக நிறுத்து, ஐ என்றால் பொருட்படுத்தாமல் தொடர், எஸ் என்றால் இடைநிறுத்தி வை. மூன்றாவதைத் தெரிந்தெடுத்தால் மாறிகளின் மதிப்பைப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இன்றைய பொத்தான்கள் பலவற்றில் இந்த நாகரிகம் இல்லை. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. டிபேஸ் III பிளஸில் பரிவர்த்தனை என்ற காப்பு கிடையாது. பதிவுகளை மாற்றிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அடித்தால் பாதி மாறியும் பாதி மாறாமலும் கோப்பு நின்றுவிடும். அந்த விசையையே முடக்கிவைக்க ‘செட் எஸ்கேப் ஆஃப்’ என்ற கட்டளையும் நிரலரின் கையில் இருந்தது.

முதல் பெரிய இழப்பு வலையமைப்போடு வந்தது. சைபேஸ் 1987 இல் தன் எஸ்கியூஎல் சர்வரை வெளியிட்டது. 1989 இல் மைக்ரோசாஃப்ட்டும் ஆஷ்டன்-டேட்டும் சேர்ந்து அதை ஓஎஸ்/2 இயங்குதளத்துக்குக் கொண்டுவந்தன. இப்போது தேடல் நடப்பது வேறொரு இயந்திரத்தில். எழுதுவினைஞரின் கணினி, பதிலுக்காகக் கம்பியின் இந்த முனையில் காத்துக் கிடக்கிறது. அவர் எஸ்கேப் அடித்தால் அது தன் மேசையிலுள்ள நிரலுக்கு மட்டுமே கேட்கும். சைபேஸின் நெறிமுறை இதற்கென ‘அட்டென்ஷன்’ என்ற தனிச் செய்தியை வைத்திருந்தது. அதை அனுப்பிய பிறகு, ஏற்கெனவே கிளம்பிவிட்ட விடைகளையெல்லாம் செயலி வாசித்துத் தள்ளி, சேவையகத்தின் ஒப்புகை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆரக்கிள், டிசிபி நெறிமுறையின் அவசரத் தரவு வசதியைப் பயன்படுத்தி, வழக்கமான ஓட்டத்தை முந்திக்கொண்டு செல்லும் குறிப்பொன்றை அனுப்பியது. நிறுத்தம் வெற்றி பெற்றால் ஓஆர்ஏ-01013 என்ற பிழையெண் வரும். இடையிலுள்ள தீச்சுவர்கள் அந்த அவசரத் தரவை விழுங்கிவிடுவதும் உண்டு. அதனால் அதை முடக்குவதற்கும் ஓர் அமைப்பு வைக்க வேண்டியதாயிற்று.

1992 இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓடிபிசி, எந்தத் தரவுத்தளத்தோடும் பேசும் பொது இடைமுகமாக வந்தது. அதில் எஸ்கியூஎல்கேன்சல் என்ற செயற்கூறு இருந்தது. ஆனால் அது வெற்றி என்று திருப்பி அனுப்புவது, கோரிக்கையை இயக்கி (டிரைவர்) ஏற்றுக்கொண்டது என்பதை மட்டுமே காட்டும். வினவல் நின்றதா என்பதை மூல அழைப்பு எச்ஒய்008 என்ற நிலைக்குறியோடு திரும்பும்போதுதான் அறியலாம். இதைவிடப் பெரிய இடர் விண்டோஸ் 3.1 இல் இருந்தது. அங்கே ஒரு செயலி தானாக இடம் விட்டால்தான் மற்றது ஓடும். பதிலுக்காகச் செயலி இயக்கிக்குள் முடங்கினால், ‘நிறுத்து’ பொத்தானைச் சொடுக்கியதைக் கவனிக்கவும் ஆள் இல்லை. ஆகவே ஓடிபிசி ஒரு சுற்றுவழி வகுத்தது. செயற்கூறு உடனே திரும்பி “இன்னும் நடக்கிறது” என்று சொல்லும். செயலி திரையின் செய்திகளைக் கவனித்துவிட்டு அதே செயற்கூற்றைத் திரும்பத் திரும்ப அழைக்கும். எல்லா இயக்கிகளும் இதை ஆதரிக்கவில்லை.

இதே காலத்தில் மனிதப் பொறுமை பற்றிய ஆய்வும் திரண்டிருந்தது. ராபர்ட் மில்லர் 1968 இலேயே மறுமொழி நேரம் பற்றி எழுதியிருந்தார். பிராட் மையர்ஸ் 1985 இல் முன்னேற்றக் காட்டியின் பயனை ஆராய்ந்தார். ஜேக்கப் நீல்சன் 1993 இல் 0.1, 1, 10 நொடி என்ற எல்லைகளைப் பரவலாக்கினார். பத்து நொடிக்கு மேல் போனால் மனம் வேறிடம் போய்விடும். அங்கே நிறுத்தும் வழி கட்டாயம்.

1995 இல் விண்டோஸ் 95 வெளிவந்தது. வினவலை ஓர் இழையிலும் (த்ரெட்) திரையை இன்னோர் இழையிலும் ஓட்டுவது சாதாரண மேசைக்கணினியிலும் இயலுவதாயிற்று. 1997 இல் வந்த ஜேடிபிசியின் கேன்சல் முறை இதையே நம்பியது: ஓர் இழை காத்திருக்க, இன்னோர் இழை நிறுத்தச் சொல்லும். டாட்நெட்டில் 2005 இன் பேக்ரவுண்ட்வொர்க்கர், 2010 இன் கேன்சலேஷன்டோக்கன் ஆகியவை இந்தப் பழக்கத்தை நிரலரின் அன்றாடக் கருவியாக்கின.

சேவையகப் பக்கத்தில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 1998 இல், 6.4 பதிப்பில், எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. இணைப்பு தொடங்கும்போதே சேவையகம் செயலிக்கு ஒரு செயல்முறை எண்ணையும் இரகசியச் சாவியையும் கொடுத்துவிடும். நிறுத்த வேண்டுமானால் செயலி புதிய இணைப்பொன்றைத் திறந்து, 16 பைட்டுகளை மட்டும் அனுப்பும்: நீளம், 80877102 என்ற குறியீடு, செயல்முறை எண், சாவி. பதில் ஏதும் வராது. சாவி பொருந்தினால் வினவலை ஓட்டும் செயல்முறைக்கு இடையீட்டுச் சைகை போகும். நேரப்பகிர்வுக் காலத்தில் விசைப்பலகை செய்த வேலையை வலையமைப்பைத் தாண்டிச் செய்த ஏற்பாடு இது. மைஎஸ்கியூஎல்லும் 5.0 பதிப்பில் இணைப்பை அறுக்காமல் வினவலை மட்டும் கொல்லும் கட்டளையைத் தந்தது. அதையும் இரண்டாவது இணைப்பு வழியாகவே அனுப்ப வேண்டும்.

நிறுத்தச் சொன்னதும் நின்றுவிடும் என்று பயனரிடம் சொல்வதும் நேர்மையல்ல. வினவல் பதிவுகளை மாற்றிக்கொண்டிருந்தால், மாற்றியதையெல்லாம் சேவையகம் பின்வாங்க நேரலாம். அம்பாறைக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு இது புரியும்: பாடு வேண்டாமென்று பாதியில் முடிவெடுத்தாலும், கடலில் விட்ட வலையை இழுத்துத்தான் ஆக வேண்டும். அந்த இடைவேளையில் “நிறுத்தப்படுகிறது” என்று திரை சொல்ல வேண்டும், “நிறுத்தப்பட்டது” என்றல்ல.

பொத்தான் இல்லாத செயலிகளில் மக்கள் தாமே வழி தேடினார்கள். ஐந்து நொடி செய்திகளைக் கவனிக்காத சாளரத்தை விண்டோஸ் “பதிலளிக்கவில்லை” என்று குறிக்கும். பயனர் அதை மூடிவிடுவார், பிறகு மறுபடி திறந்து அதே தேடலைக் கொடுப்பார். செயலி செத்துவிட்டதைச் சேவையகம் பல நேரங்களில் விடையை அனுப்ப முயலும்போதுதான் அறியும். கல்முனையில் மூடப்பட்ட சாளரத்துக்காகக் கொழும்பிலுள்ள சேவையகம் வேலைசெய்துகொண்டே இருக்கும். மூடி மூடித் திறப்பவர் அறியாமலேயே தன் அலுவலகம் முழுவதையும் மெதுவாக்குகிறார். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2021 இல், 14 ஆம் பதிப்பில், வினவல் ஓடும்போதே இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் அமைப்பைச் சேர்த்தது. அது இயல்பாக அணைந்தே இருக்கும். நிர்வாகிதான் இயக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 1998 ஏற்பாட்டிலும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. முதன்மை இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், சி மொழி நூலகம் நிறுத்தக் கோரிக்கையை வெளிப்படையாகவே அனுப்பியது. 2024 இல் வெளிவந்த 17 ஆம் பதிப்பின் புதிய செயற்கூறுகள்தான் அதையும் மறைகுறியாக்க வழிசெய்தன. 2025 இன் 18 ஆம் பதிப்பு, நான்கு பைட்டாக இருந்த சாவியை நீளமாக்குவதற்காக நெறிமுறையின் 3.2 பதிப்பைக் கொண்டுவந்தது. ஆனாலும் இயக்கிகளும் இடைநிலை மென்பொருள்களும் தயாராகும்வரை அந்த நூலகம் இயல்பாகப் பேசுவது பழைய 3.0 நெறிமுறையைத்தான். நீண்ட சாவி வேண்டுமானால் செயலி அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.