மறுமொழி பாடிய கிற்றி வெல்ஸ்

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் கன்ட்ரி இசைத் தரவரிசையில் 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது ஹாங்க் தொம்சன் பாடிய 'த வைல்ட் சைட் ஒஃப் லைஃப்'. தன்னை விட்டுப் போன மனைவியை நினைத்து ஒரு ஆண் புலம்பும் பாட்டு அது. குடியும் ஆட்டமுமாக இருக்கும் மலிவான மதுக்கடைகளை அங்கே ஹொங்கி டொங்க் என்பார்கள். மனைவி அந்தப் பக்கம் போய்விட்டாளாம், இப்படியான பொம்பிளைகளையும் கடவுள் படைச்சிருக்கிறாரே எண்டு கணவன் அங்கலாய்க்கிறான். வானொலிகள் அதைத் தாராளமாக ஒலிபரப்பின.

அதே ஆண்டு ஒரு பெண் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடினார். அவர்தான் கிற்றி வெல்ஸ். இது கடவுள் செய்த வேலை இல்லை, கல்யாணம் கட்டின பிறகும் கட்டாதவர்கள் போலத் திரியிற ஆம்பிளைகளின் வேலை என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம்.

கிற்றி வெல்ஸின் இயற்பெயர் மியூரியல் டீசன். 1919இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். பொருளாதார மந்த காலத்தில் படிப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலை ஒன்றில் சேர்ட்டுகளுக்கு அயன் பண்ணும் வேலைக்குப் போனார். 1937இல் பாடகர் ஜொனி ரைட்டைத் திருமணம் செய்தார். கிற்றி வெல்ஸ் என்ற மேடைப் பெயர், பழைய நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து கணவர் எடுத்து வைத்தது. முதலில் வந்த இசைத்தட்டுகள் எடுபடவில்லை. பெண் தனியாகப் பாடினால் தட்டு விற்காது என்று கம்பனிகள் நம்பிய காலம் அது. 1935இலேயே பாட்சி மொன்டானா தன் பாட்டால் பெரிய வெற்றி பெற்றிருந்தும் அந்த நம்பிக்கை மாறவில்லை.

1952 மே மாதம், மூன்று பிள்ளைகளின் தாயான கிற்றி பாட்டை விட்டுவிடும் யோசனையில் இருந்தார். ஒலிப்பதிவுக்குக் கிடைக்கும் 125 டொலர் சம்பளத்துக்காகத்தான் டெக்கா கம்பனிக்கு இந்தப் பாட்டைப் பாட ஒத்துக்கொண்டார். ஆனால் அது பில்போர்ட் கன்ட்ரி தரவரிசையில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஒரு பெண் தனித்துப் பாடி அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

கவனிக்க வேண்டியது, அந்தப் பாட்டை என்.பி.சி வானொலி தடை செய்ததைத்தான். கன்ட்ரி இசையின் பெரிய மேடையான கிராண்ட் ஓல் ஒப்ரியும் முதலில் அதைப் பாட அனுமதிக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு பாட்டுக்கும் ஒரே மெட்டு. இரண்டும் கதைக்கிறது அதே மதுக்கடையையும் அதே உடைந்த குடும்பத்தையும்தான். பெண்ணைக் குற்றம் சொன்னபோது பொழுதுபோக்காக இருந்த விசயம், ஆணைக் கேள்வி கேட்டவுடன் ஒழுக்கப் பிரச்சினை ஆகிவிட்டது.

கிற்றியைப் பெண்ணியப் போராளி என்று சொல்லி முடித்துவிட எங்களுக்கு விருப்பமில்லை. பாட்டை எழுதியது ஜே.டி. மில்லர் என்ற ஆண். கிற்றி பாடியது கூலிக்கு. மேடையிலும் அவர் நீளச் சட்டையோடு, அடக்கமான குடும்பப் பெண்ணாகவே நின்றார். எங்கள் பார்வையில் பாட்டின் பலமே அங்கேதான் இருக்கிறது. மதுக்கடையில் நிற்கிற பெண்ணுக்காக வாதாடியது வீட்டில் இருக்கிற பெண். 'கெட்ட பொம்பிளை' எண்டு சொல்லி அவரை ஒதுக்க ஒருவராலும் முடியவில்லை.

அவருக்குப் பிறகு பாட்சி கிளைன், லொரெட்டா லின் என்று பலர் அதே வழியில் வந்தார்கள். ஆனாலும் 1975இல் லொரெட்டா லின் கருத்தடை மாத்திரை பற்றிப் பாடியபோது, பல வானொலி நிலையங்கள் அதையும் ஒலிபரப்ப மறுத்தன. 1976இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் கிற்றிக்கு இடம் கிடைத்தது. 2012இல், 92 வயதில் காலமானார்.

இனி ஒரு பாட்டைக் 'கூடாத பாட்டு' எண்டு ஆராவது சொன்னால், அதே விசயத்தை ஒரு ஆம்பிளை பாடேக்க என்ன சொன்னார்கள் என்றும் ஒருக்கா கேட்டுப் பார்ப்போம்.