சோதனையையும் சோதிக்க வேண்டும்

புதிதாக வாங்கிய கமெரா வில்லையைப் பரீட்சிக்கப் பழைய பத்திரிகைத் தாளொன்றைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்தேன். இடப்பக்க எழுத்துக்கள் மங்கியிருந்தன. திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டவேளை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கதை நினைவுக்கு வந்தது.

1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அதன் 2.4 மீற்றர் ஆடி பிழையான வளைவில் மெருகிடப்பட்டிருந்தது. வளைவைச் சோதித்த கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் விலகியிருந்ததுதான் காரணம். வேறு சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தன. அவற்றின் துல்லியம் குறைவென்று கருதி ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று திருத்தவேண்டியதாயிற்று.

கமெராவைச் சுவருக்கு இணையாக நிறுத்தி மீண்டும் எடுத்தேன். எழுத்துக்கள் அனைத்தும் தெளிவாக விழுந்தன. முதல்முறை நான்தான் அதைச் சரித்து வைத்திருக்கிறேன்.