கோபுரத்துக்கு ஷிஃப்ட், ஷூவுக்கு டில்ட்

டில்ட்-ஷிஃப்ட் லென்ஸை வாங்குபவர் ஒரே குழலுக்குள் இரண்டு கருவிகளை வாங்குகிறார். லென்ஸை நகர்த்தும் ஷிஃப்ட் கட்டடங்களைப் படமெடுப்பவருக்கு, அதைச் சாய்க்கும் டில்ட் விளம்பரப் படமெடுப்பவருக்கு என்று பிரித்துப் பேசுவது வழக்கம். அந்தப் பிரிவினை சரியா என்று பார்க்க வேலூர் வட்டாரம் நல்ல களம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் நிற்கிறது. பாலாற்றை ஒட்டி மேற்கே போனால் ஆம்பூரின் தோல் ஷூக்கள். ஒன்றை அண்ணாந்து பார்க்க வேண்டும்; மற்றொன்று ஒரு முழத்துக்கும் குறைவு.

முதலில் கோபுரம். முழுச்சட்ட டிஜிட்டல் கேமராவில் 24 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, கேமராவைச் சாய்க்காமல் கிடைமட்டமாக வைத்தால், கோபுரம் முழுவதும் சட்டத்துக்குள் வர அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் பின்னால் போக வேண்டும். லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால் உயரத்தின் அளவு தூரமே போதும். சட்டத்தின் கீழ்ப்பாதியை நிரப்பியிருந்த வெறும் தரை விலகி, தொடுவானம் அடிவிளிம்புக்கு இறங்கிவிடுகிறது. கேமரா சாயாததால் நிலைக்கால்கள் உள்நோக்கிச் சரிவதில்லை.

அடுத்து ஷூ. முனை கேமராவை நோக்கியும் குதிகால் பின்னால் தள்ளியும் இருக்குமாறு அதைக் குறுக்காக வைக்கிறோம். 90 மி.மீ. லென்ஸில் முனையின் தையல் தெளிந்தால் குதிகால் மங்கும். எஃப்/22 வரை துளையைச் சுருக்கினால் இரண்டும் ஓரளவு தெளியும். ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் தோலின் கிரெயின், அதாவது அதன் மேற்பரப்பின் நுண்ணமைப்பு, மழுங்கும். வாங்குபவர் பார்க்க விரும்புவதே அந்தக் கிரெயினைத்தான். லென்ஸைப் பக்கவாட்டில் எட்டுப் பாகை சாய்த்தால், தெளிவுத் தளம் திரும்பி ஷூவின் பக்கத்தோடு ஓடுகிறது. எஃப்/8 துளையிலேயே முனையிலிருந்து குதிகால் வரை தெளிவு நீள்கிறது.

இதுவரை இரண்டும் எதிரெதிர் இயல்புடையவை. ஷிஃப்ட் உருவத்தின் வடிவைக் காக்கிறது, தெளிவைத் தொடுவதில்லை. டில்ட் தெளிவை இடம் மாற்றுகிறது, வடிவை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. ஷிஃப்டில் பொருள், லென்ஸ், சென்சார் ஆகிய மூன்றின் தளங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. டில்டில் அந்த மூன்று தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன.

எல்லை மீறும்போது இரண்டும் பொய் சொல்லும் என்பதில் ஓர் ஒற்றுமை தென்படுகிறது. கோபுரம் இயல்பிலேயே மேலே செல்லச் செல்லக் குறுகும் கட்டடம். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்த படத்தில் அது இருமுறை குறுகுகிறது. ஆனால் எது சிற்பியின் குறுக்கம், எது கேமராவின் குறுக்கம் என்று கண்ணுக்குப் பிரித்தறிய முடிவதில்லை. ஷிஃப்டை முழுவதும் பயன்படுத்தினாலோ, உச்சியிலுள்ள கலசங்கள் நீண்டு தலைகனத்துத் தோன்றும். டில்டின் பொய் வேறு வகை. வேலூர் மலை ஒன்றின் மேலிருந்து நகரத்தை நோக்கி லென்ஸைத் தவறான திசையில் சாய்த்தால், தெருவும் பேருந்தும் பொம்மைகளாகிவிடும்.

ஜவ்வாது மலையடியில் உள்ள அமிர்தி இந்த எல்லைகளை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அருவிக்குப் போகும் வழியில், முக்காலியை மார்பளவு உயரத்தில் நிறுத்தினால், 24 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பாகைச் சாய்வே போதும். காலடிப் பாறை முதல் தொலைவிலுள்ள நீர் வரை தரை முழுதும் தெளியும். ஆம்பூரில் எட்டுப் பாகை தேவைப்பட்டது. ஆனால் தெளிவது ஒரு தளம் மட்டுமே: பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் மரத்தின் உச்சி அதற்கு வெளியே போய்விடும். அதே மரத்தை நேராக நிறுத்தும் ஷிஃப்ட், காலடிப் பாறையைத் தெளிவாக்க எதுவும் செய்வதில்லை.

எதிர்பாராத உறவு வரலாற்றில் இருக்கிறது. மூன்று தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்கும் டில்டின் விதி இன்று ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக்கின் பெயரால் வழங்குகிறது. 1904இல் அவர் காப்புரிமை பெற்றது பொருள்களைத் தெளிவாக எடுப்பதற்காக அன்று. வானிலிருந்து சாய்வாக எடுத்த படங்களின் கோணலைத் திருத்துவதற்காக. அவருக்கு முன்னோடியான பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் கார்ப்பாந்தியே 1901இல் முயன்றதும், படத்தைப் பெரிதாக்கும்போது குவிந்த கோடுகளை நேராக்கத்தான். ஆக, ஷிஃப்டின் வேலையைச் செய்யப் போனவர்களே டில்டின் விதியைக் கண்டார்கள். சிறு கேமரா லென்ஸ்களில் வரிசை தலைகீழானது: 1960களின் தொடக்கத்தில் வந்த நிக்கானின் 35 மி.மீ. லென்ஸில் ஷிஃப்ட் மட்டுமே இருந்தது. இரண்டையும் சேர்த்தது 1973இல் வந்த கேனான் லென்ஸ்.

இன்று இரண்டுக்கும் கணினியில் போட்டி உண்டு. கோபுரத்தின் சரிவை மென்பொருள் நிமிர்த்தும். மேல் நிலைகளை இழுத்து நீட்டுவதால் அங்கே நுணுக்கம் குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். ஷூவைப் பல ஃபோகஸில் எடுத்து அடுக்கலாம். ஷூ அசையாது என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தும். அமிர்தியில் காற்றில் ஆடும் இலைகளுக்கு அந்த வழி உதவாது.

இங்கேதான் சமநிலை முறிகிறது. குவிந்த கோட்டில் அதன் உண்மையான வடிவுக்கான கணக்கு புதைந்திருக்கிறது. சுற்றிலும் சற்று இடம் விட்டு எடுத்திருந்தால், வீட்டுக்கு வந்த பிறகும் சேதத்தோடு மீட்கலாம். மங்கிய கிரெயினில் மீட்பதற்கு எதுவும் பதிவாகவில்லை. டில்டாகட்டும் ஃபோகஸ் அடுக்காகட்டும், முடிவு படமெடுக்கும் இடத்திலேயே எடுக்கப்பட வேண்டும். எனவே இந்த லென்ஸின் விலைக்கு நியாயம் தேடுபவர், பலரும் முதலில் கேட்கும் ஷிஃப்டைவிட, பலரும் தொடாமலே விடும் டில்டைப் பழகுவது நல்லது.