அரும்பண்டமும் அடாத விலையும்

பெல்ஜியம் நாட்டின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லைக்கு அண்மையில், வெஸ்ட்விளேற்றரன் என்றொரு சிற்றூர் உளது. அங்கு 1831ஆம் ஆண்டில் தோன்றிய புனித சிக்ஸ்துஸ் மடத்துத் துறவியர், 1830களின் இறுதி தொட்டே பியர் காய்ச்சி வருகின்றனர். மடத்தின் பிழைப்புக்கும் தருமத்துக்கும் எவ்வளவு பணம் வேண்டுமோ அவ்வளவுக்கே காய்ச்சுவது என்பது அவர்களது நியதி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, தொழில் பெருகினால் துறவு சிறுகும் என்று கண்டு, பெருமளவிற் காய்ச்சி விற்கும் உரிமையை 1946இல் வற்றூ என்ற அயலூரின் ஆலையொன்றுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் சிறு அளவோடு நின்றுகொண்டனர். அவ்வுரிமை 1992இல் முடிவுற்றது. அதன் பின்னரும் சந்தையின் கேள்விக்கேற்ப அளவைப் பெருக்க அவர்கள் மனங்கொள்ளவில்லை.

2005இல் பியர்ச் சுவைஞர் பலர் கூடி இட்ட தரவரிசையொன்று இம்மடத்தின் பியரையே உலகிற் சிறந்தது என்று அறிவித்தது. மடத்து வாயிலிற் கார்கள் மைல் கணக்கில் நின்றன, கையிருப்புத் தீர்ந்தது. வேறெந்த ஆலைக்கும் இது நற்பேறாக இருந்திருக்கும். துறவியருக்கோ பெருந்தொல்லையாயிற்று. அவர்கள் விலையை உயர்த்தினாரல்லர். தொலைபேசியில் முன்பதிவு செய்தவருக்கு மட்டுமே விற்பனை; வாகன இலக்கம் குறித்துக்கொள்ளப்படும்; ஒருமுறை வாங்கியவர் அறுபது நாள் பொறுத்தே மீண்டும் வாங்கலாம்; வாங்கியதை மறுபடி விற்றலாகாது. இவையே அவர்கள் வகுத்த விதிகள்.

2018ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் பல்பொருள் அங்காடி நிறுவனமொன்று இதே பியரைத் தன் கடைகளில் அடுக்கி வைத்தது. போத்தலொன்றின் விலை ஏறத்தாழப் பத்து யூரோ. மடத்து வாயிலில் அது இரண்டு யூரோவுக்கும் குறைவு. துறவியர் வெளிப்படையாகவே தம் கண்டனத்தைத் தெரிவித்தனர். ஆயின் எந்தச் சட்டத்தின் கீழ் அவர்கள் வழக்காடுவது? பணம் கொடுத்து வாங்கிய பொருளை விரும்பிய விலைக்கு விற்பது இன்றைய உலகில் எவருக்கும் உள்ள உரிமையன்றோ?

குடியைப் பற்றி எழுத இவ்விதழில் என்ன தேவை என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பசித்தவன் வயிற்றை இப்பியர் நிரப்பப் போவதில்லை. இது கிடையாமற் போனதால் எந்த ஏழையும் இறக்கப் போவதுமில்லை. நாம் இதனை எடுத்துக்கொண்டமைக்குக் காரணமே அதுதான். அரிசியிலும் மாவிலும் கொள்ளை இலாபம் அடிப்பவனைப் பார்த்து அறச்சீற்றம் கொள்வது எளிது. அங்கே பசி நமக்காக வாதாடிவிடும். பசி இல்லாத இடத்திலும் அடாத விலை என்று ஒன்று உண்டா? விலை என்பது வாங்குவோனும் விற்போனும் இசைந்த ஒரு தொகை மாத்திரந்தானா? கேள்வியைப் பசியினின்று பிரித்தெடுத்தால் அதன் எலும்புக்கூடு தெளிவாகத் தென்படும்.

மேலும், பியரே ஒரு காலத்தில் உணவாக இருந்தது. நிலமானிய கால இங்கிலாந்தில் வாற்கோதுமையிலிருந்து காய்ச்சிய 'ஏல்' என்னும் பானம் உழவனின் அன்றாட உணவின் பகுதி. ஆகவேதான் 13ஆம் நூற்றாண்டிலே, வழக்கமாக 1266 என்று குறிக்கப்படும் ஆண்டில், அப்பத்துக்கும் ஏலுக்கும் ஒருங்கே விலை வகுத்த விதி தோன்றியது. தானியத்தின் விலையோடு ஏலின் விலை பிணைக்கப்பட்டது. தானியம் இன்ன விலைக்கு விற்கும்போது நகரில் ஒரு பெனிக்கு இரண்டு கலன், நகருக்கு வெளியே மூன்று அல்லது நான்கு கலன் என்று அவ்விதி கணக்கிட்டுச் சொன்னது. ஏலைச் சுவைத்துப் பார்த்துத் தரமறியும் அலுவலர் ஊர்தோறும் இருந்தனர். மீறியவருக்குத் தண்டம், மீண்டும் மீண்டும் மீறியவருக்கு ஊரறிய அவமானம்.

இந்த ஏற்பாட்டுடன் மூன்று குற்றங்களின் பெயரும் வழங்கின. சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே மறித்து வாங்குவது ஒன்று. வாங்கிய சந்தையிலேயே உடனே கூடிய விலைக்கு விற்பது மற்றொன்று. மொத்தமாக வாங்கிப் பதுக்குவது பிறிதொன்று. 1552இல் ஆறாம் எட்வேட் மன்னனின் காலத்துச் சட்டமொன்று இம்மூன்றையும் திட்டவட்டமாக வரையறுத்தது. நெதர்லாந்துக் கடைக்காரர் அந்நாளில் இங்கிலாந்தில் வணிகம் செய்திருப்பின் மன்றத்தில் ஏறி நின்றிருப்பார்.

பழைய விதிகளை இவ்வாறு போற்றும்போதே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அவ்விதிகளின் பாரம் யார் தலையில் விழுந்தது? வரலாற்றாசிரியர் ஜூடித் பெனற் 1996இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியோருள்ளும் விற்றோருள்ளும் பெண்கள் பெருந்தொகையினராய் இருந்தமையை விரிவாகக் காட்டுகிறது. குடிசையில் ஒரு பானை காய்ச்சி விற்றவள், அடுத்தவளிடம் வாங்கித் தெருவிற் கொண்டு திரிந்து விற்றவள் ஆகியோரே மன்றப் பதிவேடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றனர். பல இடங்களில் தண்டப் பணம் தண்டனையாக அல்லாமல், தொழில் நடத்துவதற்கான வரி போலவே ஆண்டுதோறும் அறவிடப்பட்டது. நீதியின் பெயரால் நிலப்பிரபுவின் பெட்டி நிறைந்தது. கோப்பைக் கணக்கில் விற்ற ஏழைப் பெண்ணையும் களஞ்சியக் கணக்கிற் பதுக்கிய வணிகனையும் ஒரே சொல்லாற் குற்றவாளி என்றது அச்சட்டம். 'இடைத்தரகர்' என்ற வசையை இன்று எளிதில் வீசும் நாமும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனாஸ் என்னும் துறவி இவ்விடயத்தை மிக நுட்பமாக ஆராய்ந்தார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவனுக்குத் தனிப்பட்ட இழப்பு நேருமாயின் அவன் அதற்காகக் கூட வாங்கலாம் என்பது அவர் முடிபு. ஆனால் வாங்குவோனின் தேவை பெரிது என்ற காரணத்துக்காக மட்டும் விலையை உயர்த்தலாகாது. ஏன்? அத்தேவை வாங்குவோனின் நிலையிலிருந்து பிறந்தது. விற்போன் அதனைப் படைத்தவனல்லன். தனக்குரியதல்லாத ஒன்றை ஒருவன் எங்ஙனம் விற்பான்? உழைப்புக்கும் பொருளை இடம்விட்டு இடம் சேர்ப்பதற்கும் நியாயமான கூலி பெறுவதை அக்குவைனாஸ் மறுக்கவில்லை. வெஸ்ட்விளேற்றரனுக்கு வண்டியோட்டிச் சென்று, காத்திருந்து, சுமந்து வந்தவனுக்கு அவர் ஏதோ ஒரு கூலியை அனுமதித்திருப்பார். ஐந்து மடங்கு விலையில் அக்கூலி எத்தனை பங்கு என்று அவர் அடுத்துக் கேட்டிருப்பார்.

இந்த அறவியல் செத்த கதை சுவையானது. 1772இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பழைய சட்டங்களை நீக்கிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த நூலில் அடம் ஸ்மித், பதுக்கல்காரர் மீது மக்கள் கொண்டிருந்த அச்சத்தைச் சூனியக்காரியர் மீதிருந்த அச்சத்துக்கு ஒப்பிட்டார். பஞ்சத்தில் விலையை உயர்த்தும் தானிய வணிகன், கடற்பயணத்தில் உணவு குறையக் கண்டு மாலுமிகளின் பங்கை முன்கூட்டியே குறைக்கும் கப்பற்றலைவனைப் போன்றவன் என்பது அவர் வாதம். உவமை அழகானதுதான். ஆனால் கப்பற்றலைவன் எல்லோர் பங்கையும் குறைக்கிறான். விலையோ பணமில்லாதவனின் பங்கை மட்டும் குறைக்கிறது.

ஸ்மித்தின் நூல் அச்சேறி இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1800இல், விளைச்சல் பொய்த்து அப்பத்தின் விலை ஏறிய வேளையில், பழைய குற்றங்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தன. சட்டம் போனாலும் நாட்டின் பொதுவழக்கு போகவில்லை என்று தலைமை நீதிபதி கெனியன் பிரபு நிலைநாட்டினார். ஒரே நாளில் ஓட்சை 41 சிலிங்குக்கு வாங்கி 44 சிலிங்குக்கு விற்ற ரஸ்பி என்பவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். நம் பொருளுக்கு நெருங்கியது வாடிங்டன் என்ற வணிகரின் வழக்கு. பியருக்குக் கசப்பும் மணமும் தந்து அதனைக் கெடாது காக்கும் ஹொப்ஸ் என்ற பூவில் வணிகம் செய்தவர் அவர். கையிருப்புத் தீரப் போகிறது, தட்டுப்பாடு வரப் போகிறது என்று வதந்தி பரப்பி, பயிரிடுவோர் சரக்கைச் சந்தைக்குக் கொணராது தடுத்து விலையேற்ற முயன்றார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் தண்டமும் சிறையும் பெற்றார்.

ஈண்டும் நாம் அவசரப்பட்டுக் கைதட்டலாகாது. வாடிங்டன் பிரான்சுக்கெதிரான போரை எதிர்த்துக் குரலெழுப்பியவர். ஹொப்ஸ் பயிரிடுவோருக்கு நல்விலை கிடைக்க வழிசெய்தவன் தானே என்றும், இலண்டன் பெருவணிகரின் பிடியை உடைத்ததற்காகவே பழிவாங்கப்பட்டதாகவும் அவர் வாதிட்டார். பதுக்கல்காரர் ஒருவர் விவசாயியின் நண்பன் என்று தன்னை அறிவித்துக்கொள்வது புதிதன்று.  1844இல் நிறைவேறிய சட்டமொன்று இக்குற்றங்களைப் பொதுவழக்கிலிருந்தும் அடியோடு துடைத்தது.

நீதிமன்றங்கள் கைவிட்டதை மக்கள் அவ்வளவு விரைவிற் கைவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களை ஆராய்ந்த இ. பி. தொம்சன், 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கலகக்காரர் பலர் கொள்ளையடிக்கவில்லை என்று காட்டினார். அவர்கள் தானியத்தைக் கைப்பற்றி, நியாயமென்று தாம் கருதிய விலைக்குச் சந்தையில் விற்று, பணத்தை உடையவனிடமே ஒப்படைத்தனர். சில வேளைகளில் வெறுஞ்சாக்கையும் திருப்பிக் கொடுத்தனர்! விலை என்பது ஊர் முழுவதும் சேர்ந்து பேச உரிமையுள்ள ஒரு பொருள் என்ற எண்ணம் அந்தச் சாக்கோடு திரும்பிப் போயிற்று.

இனி, அரும்பண்டத்தின் விலைக்கு வருவோம். மார்க்ஸ் இதனைக் கவனியாமல் விடவில்லை. அவர் மறைவின் பின் ஏங்கல்ஸ் 1894இல் பதிப்பித்த 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், மிகச் சிறந்த மதுவைச் சிறு அளவிலே தரும் திராட்சைத் தோட்டமொன்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். அம்மதுவின் விலையை உழைப்பின் மதிப்பு வரையறுப்பதில்லை. குடிப்போனின் பணமும் ஆசையுமே வரையறுக்கின்றன. மிகுதியாகும் அந்த இலாபம் வாரமாக மாறி நிலவுடைமையாளனைச் சேர்கிறது. இக்கண்ணாடியினூடே மடத்தைப் பார்த்தால் ஒரு விந்தை தென்படும். அந்த மிகை இலாபத்துக்கு உரியவராகத்தக்க துறவியர் அதனை எடுக்க மறுத்து வாயிற்படியில் விட்டுச் செல்கின்றனர். சந்தை அதனைக் கிடக்க விடுவதில்லை. காய்ச்சாதவன், விளைவிக்காதவன், போத்தலில் அடைக்காதவன் வந்து பொறுக்கிக்கொள்கிறான். வாங்குவோனுக்குத் துறவியர் கொடுத்த கொடையை இடையில் மறித்து வாங்கியவன் அவன். பழைய ஆங்கிலச் சட்டத்தின் முதற் குற்றமும் அதுவேயன்றோ?

அமெரிக்காவில் இதே கதை வேறுருவில் நடக்கிறது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது பல மாநிலங்கள் காய்ச்சுவோன், மொத்த விநியோகத்தன், சில்லறைக் கடைக்காரன் என மூன்று படிகளை வகுத்து ஒன்றையொன்று தாண்டாதவாறு வேலியிட்டன. பெரும் ஆலைகள் மதுச்சாலைகளை விழுங்குவதைத் தடுப்பதே நோக்கம். 1970களுக்குப் பின் சிற்றாலைகள் பெருகி, ஆண்டுக்கொருமுறை சில பெட்டிகள் மட்டும் வரும் பியர்கள் தோன்றியதும், அவ்வேலியின் கதவருகில் நின்றவன் கடைக்காரன். தன் பங்குக்கு வந்த ஒரு பெட்டியை அவன் வழமையான விலைக்கு வரிசைப்படி விற்கலாம். மும்மடங்கு விலை குறிக்கலாம். விலைபோகாத வேறு சரக்கையும் சேர்த்து வாங்கினாற்றான் தருவேன் எனலாம். குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்கியவனே மறுநாள் கூடிய விலைக்கு விற்றுவிடுகிறான், அவ்விலாபம் எனக்கு வரக்கூடாதா என்று கடைக்காரன் கேட்பதிலும் ஒரு நியாயம் உண்டு. அக்கேள்விக்குத் தனிமனித ஒழுக்கத்தால் விடையிறுக்க முடியாது.

துறவியரும் மாசற்ற உவமைக்கு முற்றும் பொருந்துபவரல்லர். மடத்துக் கட்டடங்களைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது, 2011இல் ஆறு போத்தலும் இரண்டு கிண்ணமும் அடங்கிய பெட்டியைப் பெல்ஜியத்தின் கடைத்தொடரொன்றின் மூலம் 25 யூரோவுக்கு விற்றனர். மறு ஆண்டில் அது கடல் கடந்து சென்றபோது, அமெரிக்கக் கடைகளில் விலை ஏறத்தாழ 85 டொலராயிற்று. அருமையின் விலை என்னவென்று அவர்களும் அறிந்தேயிருந்தனர். கூரைக்கு வேண்டிய பணம் சேர்ந்தபின் மீண்டும் வாயிற்படிக்கே திரும்பினர் என்பதே வேறுபாடு.

2019இல் தொலைபேசி முறையைக் கைவிட்டு இணையவழிப் பதிவுக்கு மாறினர். பெயர் பதிந்தோருள் நெடுநாள் வாங்காதிருந்தவருக்கே முதலிடம். கூடுதலாகப் பணம் தருபவருக்கு அங்கே இடமேயில்லை. காத்திருந்த நாட்களே கணக்கு. அதன் பின்னரும் புரூசெல்ஸ் நகரக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் அப்போத்தல்கள் பன்மடங்கு விலைச்சீட்டுடன் நின்றன. அவற்றை அங்கு கொணர்ந்து விற்றவர்களும் வரிசையில் பொறுமையோடு காத்திருந்தவர்களே.