நின்ற படமும் நடந்த படமும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டிக்குச் செல்லும் வழியில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால், இன்று அங்கே உலாச் செல்வோர் வியப்படைவர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் குறுகிய இருப்புப் பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், மாட்டுப்பட்டி வழியாகத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குச் சுமந்து சென்றது. அங்கிருந்து தேயிலை கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924 ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் அந்தப் பாதையை அழித்துவிட்டது. பழைய புகைப்படங்களில் அந்த ரயிலை இன்றும் காணலாம். ஆனால், அவற்றில் ரயில் நிற்கிறது, ஓடவில்லை.

நிற்பதை ஓடச் செய்யவேண்டும் என்னும் ஆசை புகைப்படக்காரருக்குப் புதிதன்று. புகைப்படக் கருவியைக் கொண்டே சலனப்படமும் எடுக்கும் இளைஞரைப் பார்த்து, “உமக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்போர் உளர். சலனப்படம் பிறந்ததே புகைப்படக்காரர் வீட்டில்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1878-இல் கலிபோர்னியாவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர், ஓட்டப் பாதையின் ஓரமாகப் 12 கருவிகளை வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓடுகையில் பாதைக்குக் குறுக்கே கட்டிய நூல்கள் ஒவ்வொன்றாக அறுபட, ஒவ்வொரு கருவியும் ஒரு படம் பிடித்தது. குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு நீங்குகின்றன என்பது அப்படங்களால் தெளிவாயிற்று. 1895-இல் பாரிஸில் கட்டணம் பெற்றுச் சலனப்படம் காட்டிய லூமியேர் சகோதரர்களின் தந்தையும் புகைப்படக்காரரே.

அப்படங்கள் 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்டன. அந்நகரில் புகைப்பட நிலையம் நடத்திவந்த ஹரிச்சந்திர சகாராம் பாட்வடேகர், இப்புதுமையில் மனம் பறிகொடுத்து லண்டனிலிருந்து ஒரு கருவியை வரவழைத்தார். 1899-இல் தொங்கு தோட்டத்தில் நடந்த மற்போரைப் படமாக்கினார்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்து, புகைப்படத் தொழிலில் நற்பெயர் ஈட்டியவர் ரகுபதி வெங்கையா. அவர் தம் புகைப்பட நிலையத்தையே அடகு வைத்து, ‘குரோனோமெகபோன்’ என்ற கருவியை வாங்கினார். சலனப்படத்தோடு இசைத்தட்டின் ஒலியையும் இணைத்துக் காட்டும் கருவி அது. 1910-இல் விக்டோரியா பொது மண்டபத்தில் படங்களைக் காட்டினார்; இலங்கைக்கும் பர்மாவுக்கும் கருவியைக் கொண்டு சென்றார். பின்னர்ச் சென்னையில் கெயிட்டி திரையரங்கை எழுப்பினார். சொந்த ஊரை விட்டு வந்த ஒருவர், சோறு போட்ட தொழிலையே பணயமாக வைத்தார் என்பதை, வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் எளிதில் உணர்வர்.

குஜராத்தில் கோத்ரா என்னும் ஊரில் புகைப்பட நிலையம் வைத்திருந்த தாதாசாகேப் பால்கேயின் சோதனை இன்னும் சுவையானது. 1912-இல் பட்டாணி விதையைத் தொட்டியில் ஊன்றி, அது முளைத்து வளர்வதை ஒவ்வொரு படமாகப் பல நாள் எடுத்தார். அவற்றை ஓட்டிக் காட்டியபோது, விதை கண்ணெதிரே செடியாயிற்று! அடுத்த ஆண்டில் அவருடைய ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது.

பின்னர் இரு தொழில்களும் இரு வேறு கருவிகளுடன் பிரிந்தன. அவற்றை மீண்டும் ஒன்றுசேர்த்த ஆண்டு 2008. அவ்வாண்டில் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 என்னும் புகைப்படக் கருவிகள் சலனப்படமும் எடுக்கும் ஆற்றலோடு வந்தன. பெரிய ஒளியுணரி இருந்தமையால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிந்தது. பின்னணி மென்மையாகக் கலங்கி, முகம் மட்டும் துலங்கியது. குறைகளும் இல்லாமல் இல்லை. ஒளியுணரி படத்தை வரிவரியாகப் படிப்பதால், கருவியை விரைந்து திருப்பினால் நேரான கம்பமும் சாய்ந்து தோன்றும். நல்ல ஒலி வேண்டுமாயின் தனியே பதிவு செய்யவேண்டும். எனினும், 2012-இல் பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் வெளிவந்த ‘வழக்கு எண் 18/9’ என்ற தமிழ்ப்படத்தை, ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் இத்தகைய கருவியைக் கொண்டே படமாக்கினார்.

இன்று அவ்வசதி கைபேசியிலும் வந்துவிட்டது. ஆயினும் விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் என்ன செய்கிறோம்? பெரியவர்களைச் சுவரோரம் நிறுத்தி, “அசையாதீர்கள்” என்கிறோம். என் தந்தையாரின் புகைப்படம் ஒன்று என்னிடம் உள்ளது. நிமிர்ந்து நிற்கிறார். அவர் நடக்கும்போது இடத்தோள் சற்றே சாயும்; பேசத் தொடங்குமுன் ஒருமுறை கனைப்பார். தில்லியில் வளர்ந்த என் மக்கள் இவ்விரண்டையும் அறியார்; நான் நடித்துக் காட்டினால் சிரிக்கிறார்கள்.

மாட்டுப்பட்டி மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் விரல்களைப் புகைப்படம் காட்டும். அவ்விரல்களின் விரைவைக் காட்டாது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, அன்னையாரை நிற்கச் சொல்லாதீர்கள். அவர் முற்றத்தில் நடக்கட்டும், கீரை ஆயட்டும், உங்களைக் கடிந்து இரண்டு சொல் பேசட்டும். கருவி ஓடிக்கொண்டிருக்கட்டும்.