750 டாலருக்குப் போன பாட்டு

நேத்து ராத்திரி பழைய எம்.பி.3 சி.டி.க்களைத் துழாவிட்டிருந்தப்ப 'லூயி லூயி' மாட்டிச்சு. காலேஜ் நாள்ல நூறு தடவை கேட்டிருப்பேன், ஒரு வரி புரிஞ்சதில்ல. இங்கிலீஷ் நமக்குத்தான் தகராறுன்னு நினைச்சா, அமெரிக்காக்காரனுக்கே புரியலையாம் :-)

எழுதினவர் ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பினப் பாடகர். 1955ல ஒரு நடன அரங்குல ரெனே தூஸேயோட 'எல் லோகோ சா சா'வைக் கேட்டிருக்கார். அதோட தாளம் மண்டைக்குள்ள உக்காந்துக்க, கையில கிடைச்ச டாய்லெட் பேப்பர்ல பாட்டைக் கிறுக்கிட்டார். விஷயம் ரொம்ப சாது. ஜமைக்கா மாலுமி ஒருத்தன், மதுக்கடைக்காரர் லூயிகிட்ட காதலியப் பத்திப் புலம்புறான், அவ்வளவுதான். 1957ல ரெக்கார்டு வந்து சுமாரா ஓடிச்சு. கல்யாணச் செலவுக்குப் பணம் வேணும்னு பாட்டோட உரிமையை 750 டாலருக்கு வித்துட்டார் மனுஷன்.

1961ல ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் பாடினதைக் கேட்டுத்தான் போர்ட்லண்ட் பசங்க 'கிங்ஸ்மென்' இதைக் கத்துக்கிட்டாங்க. 1963 ஏப்ரல்ல ரெக்கார்டிங். பாடின ஜாக் ஈலி பல்லுல கம்பி கட்டியிருந்தார், மைக்கோ தலைக்கு மேல தொங்குது. அண்ணாந்து கத்தினா வார்த்தை எங்க வரும்? கிடார் முடிஞ்சதும் ஈலி அவசரப்பட்டு முன்னாடியே ஆரம்பிச்சு, சட்டுனு நிறுத்துறது கூட அப்படியே பதிவாயிருக்கு. அந்தத் தப்புதான் எனக்குப் பாட்டுலயே பிடிச்ச இடம்.

பாட்டு பில்போர்டுல 2ஆம் இடம் வரைக்கும் போச்சு. முதலிடத்துல ஒரு பெல்ஜியம் கன்னியாஸ்திரி பாடின 'டொமினிக்'!

புரியாத வரியில ஆபாசம் இருக்குன்னு புரளி கிளம்பிச்சு. 1964ல இண்டியானா கவர்னர் மேத்யூ வெல்ஷ், வானொலியில போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். எஃப்.பி.ஐ. வெவ்வேறு வேகத்துல ஓட விட்டு, ரெண்டு வருஷத்துக்கு மேல மண்டைய உடைச்சுக்கிட்டு, எந்த வேகத்துலயும் ஒண்ணும் விளங்கலைன்னு எழுதி வச்சுது. கூத்து என்னன்னா, 54ஆவது விநாடி பக்கம் டிரம்மர் லின் ஈஸ்டன் நிஜமாவே ஒரு கெட்ட வார்த்தை கத்துறார்னு சொல்வாங்க. அதை மட்டும் கோட்டை விட்டுட்டாங்க.

அப்புறம் கிங்க்ஸ், ஓடிஸ் ரெடிங், மோட்டர்ஹெட், இகி பாப்னு ஆளாளுக்குப் பாடித் தள்ளினாங்க. ஆயிரத்துக்கும் மேல பதிவுகள் இருக்கு. பெர்ரி? 1980கள்ல அம்மா வீட்டுல அரசாங்க உதவிப் பணத்துல காலம் தள்ளிட்டிருந்தார். ஒரு மது பானக் கம்பெனிக்கு விளம்பரத்துக்கு இந்தப் பாட்டு வேணும், அதுக்கு அவர் கையெழுத்து வேணும்னு தேடி வந்தாங்க. வக்கீல் வச்சுப் பேசினதுல உரிமையில பங்கு திரும்பிச்சு, காசும் நல்லாவே வந்துச்சு. 1997 ஜனவரியில செத்துப்போனார், 61 வயசு.

வெளியான காலத்துலயே ஈலி பேண்டை விட்டு வெளியேற வேண்டியதாயிடுச்சு. 2015ல அவரும் போயிட்டார். அத்தனை விசாரணையிலயும், என்னப்பா பாடினேன்னு அவரை மட்டும் எஃப்.பி.ஐ. கேக்கவே இல்லையாம்.